பத்து டிகிரிக்குக் கீழே

அம்கராவில் தை பிறந்தது.
வழியும் பிறந்தது,
கழுந்துக்கும் துளைக்கும் நடுவே,
ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவுக்கு.

ஒன்பதடிக் கதவு, தேக்கு.
அபு ஃபவாஸ் வீட்டுத் திவானியாவுக்கு.
வண்டியில் ஏற்றத் தூக்கினோம்,
மூலை மட்டும் எங்களோடு வந்தது.
உள்ளே கோலப்பொடி மாதிரி
வெள்ளையாய் உதிர்ந்தது பசை.
காய்ந்திருந்தது. பிடித்திருக்கவில்லை.
இரண்டும் ஒன்றில்லை என்று
பதினோரு வருஷ வேலைக்குப் பிறகு
ஒரு கதவு சொல்லித்தான் தெரிந்தது.

முதலில் மிஷின்களைச் சந்தேகப்பட்டோம்.
எப்படியும் ஆர்டர் குறைந்த வாரம்,
கழற்றிப் பார்க்கிற காலம்.
பிளேனர் பிளேடுகள் சாணைக்குப் போயின.
வாள்சக்கரத்து ரப்பரில் ஏறியிருந்த பிசினைச்
செல்வின் அரைநாள் சுரண்டினான்.
கம்ப்ரசர் அடித்திருகைத் திறந்தேன்:
டீ நிறத்தில் ஒரு சட்டித் தண்ணீர்,
கோடை முழுக்க அது குடித்துவைத்த காற்றின் ஈரம்.
தூசிப்பையை உதறினால்
ஜூலை மாதத்துப் புழுதிக்காற்று
இன்னொரு தரம் அடித்து ஓய்ந்தது.
கிரீஸை விரலால் தோண்டினால்
நாளைக்கு வா என்றது.
எல்லா மிஷினும் சுத்தம்,
எல்லா மிஷினும் நிரபராதி.

பிறகுதான் டிரம்மைத் திருப்பினேன்.
சுவரைப் பார்த்திருந்த பக்கத்தில்
அரபியில், ஆங்கிலத்தில், எறும்பெழுத்தில்:
பத்து டிகிரிக்குக் கீழே ஒட்டாதே.
எத்தனை குளிர்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்ததோ
சுவரிடம்.

அன்றிரவு பட்டறையில் ஆறு.
மரம் ஆறு, கிளாம்ப் ஆறு,
என் பேண்ட் பொத்தானும் ஆறுதான்.
ஹீட்டர் கேட்டேன்.
மரத்தூளில் நெருப்பு வைக்கச் சொல்கிறாயா
என்றார் ஃபோர்மேன். நியாயம்தான்.
மிச்சமிருந்த சூடு ஒன்றே ஒன்று:
ஐந்து பேர் தூங்குகிற எங்கள் அறை.

முதல் நாள் டிரம் குடிவந்தது.
ஹீட்டர் ஓரத்து இடம் அதற்கு.
அந்த இடத்துக்கு நவம்பரிலேயே
துண்டு போட்டிருந்த மொக்லேஸ்
வங்காளத்தில் என்னவோ சொன்னான்.
இரண்டாம் நாள் சட்டங்கள் வந்தன.
பசை மட்டும் சூடானால் போதாது,
தேக்குக்கு உள்ளே ஏற ஒரு ராத்திரி வேண்டும்.
அதுவரை பழைய பொடியைச் சுரண்டி,
தளர்ந்த கழுந்துக்குச் சீவல் ஒட்டி, அளந்து, மறுபடி இழைத்து...

மூன்றாம் நாள் பூட்டினோம்.
எட்டுக் கிளாம்போடு கதவு
கட்டிலுக்கும் கட்டிலுக்கும் குறுக்கே படுத்தது.
கக்கூஸுக்குப் போகிறவன் அடியில் தவழ வேண்டும்.
தாமோதரனுக்குச் சுகர்.
ஐந்து தரம் தவழ்ந்தான்,
ஐந்து தரமும் ஒரே கிளாம்பில் இடித்தான்.
கடைசியில் திட்டுவதை விட்டுவிட்டு
அதற்குத் தன் மங்கிக் குல்லாவை மாட்டிவிட்டான்.

உடைந்த மூலைக்கு என் போர்வையைப் போர்த்தினேன்.
தியாகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.
மூலை மறுபடி திறந்தால்
சம்பளக் கவர் திறக்காது.

தூக்கம் வரவில்லை.
மணிக்கொரு தரம் கடிகாரம் பார்க்கிறவன்போல
நாலு திர்ஹம் குறைத்துப் பேசி
என்று எழுத வந்தது கை, இது குவைத்,
நானூறு பில்ஸ் கொடுத்து வாங்கிய தெர்மாமீட்டரை
மொபைல் வெளிச்சத்தில் பார்த்தேன்.
பத்தொன்பது. பத்தொன்பது. பதினெட்டரை.
ஆறு மூச்சு வேண்டாம், ஐந்தே போதும் போலிருக்கிறது
ஓர் அறையைக் கதவுக்குத் தோதாக்க.

விடிந்ததும் பிதுங்கி நின்ற பசையை அழுத்தினேன்.
நகம் இறங்கவில்லை.
கிளாம்பை ஒவ்வொன்றாகத் தளர்த்தினோம்,
கடைசித் திருகில் ஐந்து பேரும் பேச்சை நிறுத்தினோம்.
விரல்முட்டியால் தட்டினான் செல்வின்.
ஒரே சத்தம், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை.

டிரம்மை இனி எங்கே வைப்பது என்றேன்.
இங்கேயே இருக்கட்டும் என்றான் மொக்லேஸ்,
இடத்தைச் சுட்டிக்காட்டினான்:
ஜூனில் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடும்,
அப்போது ஏசிக்கு நேர்கீழே.
அங்கே இப்போதைக்குப் படுத்திருப்பது நான்.