பத்து மடங்கு வேகத்தில்

லெரின் மச்சாது கடலில் இறக்கிய கருவி
நாற்பத்தோரு நாள் கேட்டதையெல்லாம்
ஒரு வன்தட்டில் அடைத்து
தூத்துக்குடி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினான்.
மாட்டுத்தாவணியில் வாங்கிக்கொண்டேன்.
பைக்குள் மேலாக ஒரு கிலோ மக்ரூன்.
அதற்கு அடியில் கடல்.

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாடி அறை.
எனக்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவே
நாள் முழுக்கக் கருவேலங்காடு.
இந்த மாசியில் வைகையில்கூட
ஒரு கெண்டை முதுகு நனையத் தண்ணீர் இல்லை.
இங்கே உட்கார்ந்துதான்
நீலத்திமிங்கிலம் எந்த மாதம் எந்தப் பக்கம் போகிறதென்று
கணக்கு எழுதுகிறேன்.
அதுக்கு எதுக்கும்மா மதுரை, என்றார் பால்காரர்.
வாடகை குறைச்சல், என்றேன்.
சில சாயங்காலங்களில் மட்டும் பயமாக இருக்கிறது,
எதிரே கிடக்கும் மலையையும்
ஒரு நாள் எண்ணிக்கையில் சேர்த்துவிடுவேனோ என்று.

அதன் குரல் நம் காதுக்குக் கீழே ஓடுவது.
அப்படியே ஓட்டினால் ஒன்றும் கேட்காது.
ஒலிபெருக்கியின் கறுப்புத் தோல் மட்டும்
விரலுக்குத் துடிக்கும்,
ஜுரக்காரன் மணிக்கட்டுபோல.
ஆகவே திரையில் கோடாக்கிப் படிக்கிறேன்.
அடியில் நீளநீளமாக அது.
மேலே டால்பின்கள்,
வரவுசெலவு நோட்டில் கைவைத்த பிள்ளைகளாகக்
கிறுக்கிவிட்டுப் போகின்றன.
அது கண்டுகொள்வதில்லை.
கப்பல் வந்தால் திரை முழுக்கச் சாம்பல்.
அதற்குள் அது பேசுகிறதா, வாய்மூடிக் காத்திருக்கிறதா?
தெரியாது.
தெரியாது என்பதற்கு எங்கள் அட்டவணையில் எண் ஒன்பது.
என்னிடம் ஒன்பதுகள் அதிகம்.

பதினேழாம் நாள், அதிகாலை மூன்று பத்து.
கோடுகள் நின்றுபோயின.
கிறுக்கலும் இல்லை.
நாலு நிமிடம் கழித்து
சாணைக்கல்லில் கத்தி வைத்தாற்போல ஒரு சீழ்க்கை,
இன்னொன்று, சற்றுத் தள்ளி வேறொன்று.
கொலைகாரத் திமிங்கிலங்களாக இருக்கலாம்.
எல்லாம் நடந்து முடிந்து இரண்டு மாதம்.
இருந்தும் நான் நாற்காலியை அசைக்கவில்லை.
கீழே வீட்டுக்காரர் மோட்டார் போட்டபோது
சத்தம் போடாதீங்க என்று கத்தத் தோன்றியது.

ஐம்பத்திரண்டு நிமிடம்.
பிறகு ஒரு கோடு. தாழ்வாக. தனியாக.
எந்தத் திசையென்று ஒற்றைக் கருவி சொல்லாது.
முன்னே பேசியதேதானா, வேறா?
ஒன்பது.

"தப்பிச்சிருச்சா?" என்றான் லெரின், போனில், அலைச்சத்தத்தோடு.
"ஏதோ ஒண்ணு இருக்கு" என்றேன்.

அந்தக் கோட்டை மட்டும் வெட்டியெடுத்து
பத்து மடங்கு வேகத்தில் ஓட்டினேன்.
ஜன்னலைச் சாத்த மறந்திருந்தேன்.
ஊப், ஊப், ஊப்.
வெளியே உடைமரத்திலிருந்து
ஊப் என்றது செம்போத்து.

மறுபடி ஓட்டினேன். மறுபடி சொன்னது.
மூன்றாம் தடவை
கைப்பிடிச்சுவருக்கே வந்துவிட்டது,
சிவந்த கண், துருவேறிய இறக்கை,
வேலி தாண்டியவன் எவன் என்று கேட்கும் நடை.
இருபத்தைந்து மீட்டர் நீள உடம்பொன்றை
என் அறைக்குள் தேடியது.

நிறுத்தினேன். முட்டையிடும் காலம்;
இல்லாத எதிரியைக் காட்டி ஏய்ப்பது தவறு.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
'உடன் பதிவான பிற இனங்கள்.'
டால்பின் என்று எழுதினேன்.
கொலைகாரத் திமிங்கிலம், கேள்விக்குறியோடு.
செம்போத்து ஒன்று, பதில் தந்தது என்றும் எழுதி
முதலில் 'பதில்' என்பதை அடித்தேன்,
பிறகு செம்போத்தையும்.

அது விடவில்லை.
வெயில் தாழும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.
போனை ஜன்னலில் வைத்துப் பதிவுசெய்து,
பத்து மடங்கு மெதுவாக்கி ஓட்டினேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
கறுப்புத் தோல்மேல் விரலை வைத்தேன்.

லெரினிடம் இதைச் சொல்லவில்லை.
மக்ரூன் தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.