மூன்று பட்டரி

தை பிறந்தும் மழை விடவில்லை.
அன்றைக்குக் காவல் முறை எங்களுக்கு.
இவருக்குக் காய்ச்சல்.
இரண்டு பனடோல் கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு
மூன்று பட்டரி டோர்ச்சோடு நான் போனேன்,
வெல்லாவெளிக் கண்டத்துக்கு.

பரண் ஏணியில் பாசி.
ஒரு கையில் ஆனைவெடி, ஒரு கையில் டோர்ச்,
பிடிக்க மூன்றாவது கை இல்லை.
களுக்கென்று ஒரு சத்தம், வாய்க்காலுக்குள்.

அணையவில்லை அது.
இடுப்பளவு ஆழத்தில் சேற்றோடு கிடந்து
மேலே பார்த்து எரிந்தது.
வாய்க்கால் முழுக்கப் பிளேன்ரீ நிறம்.
பனையான் குஞ்சு இரண்டு வந்து
கண்ணாடியில் மூக்கை இடித்து இடித்துப் பார்த்தன.
அடுத்த பரணில் இருந்து குணநேசம் கத்தினாள்:
"என்னகா அங்க, தண்ணிக்குள்ள குடி போயிட்டியா?"

நான் வாய் திறக்கவில்லை.
வரம்புக்கு அந்தப் பக்கம்
லொறி ரயரின் காற்றைத் திறந்துவிட்டது போல
ஒரு மூச்சு.

முன்னங்கால் இரண்டும் பால் பிடித்த நெல்லுக்குள்.
தும்பிக்கையை மட்டும்
அந்த வெளிச்சத்துக்கு மேலே நீட்டியபடி நின்றது.
சாமி கும்பிட்டதாம்.
குணநேசம் பிறகு ஊர் முழுக்கச் சொன்னாள்.
அப்படியெல்லாம் இல்லை.
அதுக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான்.
எனக்கும் விளங்கவில்லை.
என் வெடியின் திரி ஊறிப்போய்க் கிடந்தது.

வெளிச்சம் மஞ்சளானது,
பிறகு பழுத்த பலாவிலை,
பிறகு ஒரு பீடி நுனி.
பிறகு இருட்டு.
ஆனை போனதை நான் பார்க்கவில்லை.
பட்டரி போனதைப் பார்த்தேன்.

விடிய இறங்கி எடுத்தேன்.
மூடியைத் திருக, துருத்தண்ணீர்
முழங்கை வரை வழிந்தது.
"அடுப்படியில வை, காயட்டும்"
போர்வைக்குள் இருந்து இவர்.
வெடிக்கும் என்றேன்.
பழைய சாரத் துண்டால் துடைத்து,
சுளகில் படுக்கவைத்து,
கோழி கொத்தாமல் பார்த்துக்கொண்டேன்,
அதுகள் என்னவோ வடகம் மாதிரி.

கடல் தண்ணீர் என்றால்
உப்பு அன்றைக்கே தின்று முடித்திருக்கும்.
இது நவகிரிக் குளத்துத் தண்ணீர்.
ஆறுதலாகத்தான் தின்றது.
ஓய்வெடுத்த பட்டரிக்குக் கொஞ்சம் உயிர் திரும்பும்.
இரண்டு இரவு எரிந்தது, சீக்காளி வெளிச்சம்.
பிறகு நடுப் பட்டரியின் அடி உப்பி,
சுருள் கம்பி எல்லாம் வெள்ளையாகப் பூத்தது.
தொட்ட விரலைக் கழுவிய பிறகும்
மாலை வரை எரிந்தது.

சேதம் எழுத விதானையார் வந்தார்.
"நெல் எவ்வளவு போச்சு?"
ஒரு பிடியும் போகவில்லை என்றேன்.
மூன்று பட்டரி. நானூற்றி எண்பது ரூபாய்.
படிவத்தை மேலும் கீழும் பார்த்தார்.
வீடு, மதில், தென்னை, மாடு, ஆள்.
"அதுக்குக் கட்டம் இல்லையே அக்கா."

களுவாஞ்சிகுடி பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
பட்டரியோடு
ஒரு முழம் கயிறும் வாங்க வேண்டும்,
டோர்ச்சைக் கழுத்தில் கட்ட.