வண்டி ஸ்டாண்டில் கேட்ட படம்

நான் பார்க்கவில்லை.
டோக்கன் கிழிக்கிறவனுக்குச் சுவர்தான் திரை.
முதல் துப்பாக்கிச் சத்தம் ஏழு பத்துக்கு,
இரண்டாவது, இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால்,
அப்புறம் ஒன்றுமே கிடையாது,
கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதைத் தவிர.
லண்டன் ரவுடிப் படம், தமிழில் பேசுகிறது.
வெள்ளிக்கிழமை போட்டார்கள்.

வெளியே வருகிறவர்கள்
சாவியைத் துழாவிக்கொண்டே தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள்.
"சண்டையே இல்லபா,
நூத்தம்பது ரூபா வாங்கினு டீ போடறத காட்டறான்."
இது காகிதப்பட்டறைப் பையன்கள்,
ஒரு பல்சரில் மூன்று பேர்.

நான் ஒட்டிவைத்துக்கொண்ட கதை இவ்வளவுதான்:
பதினாறு வருஷம் உள்ளே இருந்த கிழட்டு ரவுடி
தம்பியைக் காட்டிக்கொடுத்தவன் கதவைத் தட்டுகிறான்.
அவன் உள்ளே வா என்கிறான், டீ போடுகிறான்,
சர்க்கரை எடுத்துவரப் போகிறான்.
விடிகிற நேரம் வந்தவன் எழுந்து மழையில் போய்விட
மற்றவன் நாற்காலியில் அப்படியே.
செத்தானா தூங்கினானா,
அங்கேதான் வேலூர் இரண்டாகப் பிரிந்தது.

தொரப்பாடி ஜெயில் வார்டர் ஏகாம்பரம் சனிக்கிழமை சொன்னார்:
"விஷந்தான். சர்க்கரைக்குப் போனான் இல்ல, அப்ப.
நாள எண்ணினு இருந்தவன் சும்மா போவமாட்டான்."
திங்கட்கிழமை மறுபடி வந்தார்,
தானே காசு கொடுத்து.
"சும்மா போறவனும் கீறான்," என்றார் வண்டியைத் தள்ளியபடி.
"ஒருத்தன பாத்துகீறேன்."
பேர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சத்துவாச்சாரி ட்யூஷன் மாஸ்டர் கனகசபாபதிக்குக் கோபம் வேறு.
"லண்டன்ல எவன்யா 'இன்னா நைனா'ங்கறான்?"
"உள்ள எல்லாரும் அப்படித்தான் பேசறான் சார்"
என்றார் வார்டர்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்து ஜெபராணி
மாலைக் காட்சிக்குக் கணவரோடு வந்தாள்.
"விஷம்னா வாந்தி எங்க?"
"படத்துல காட்டமாட்டாங்கம்மா."
"ஏன் காட்டமாட்டாங்க?"
ஸ்கூட்டி தெருமுனை திரும்பும்வரை
வாந்தியைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள்.

பேர்ணாம்பட்டு இம்தியாஸ் தோல் தரம் பிரிக்கிறவர்.
அவர் முகத்தையே பார்ப்பதில்லை போல.
"கெழவன் ஷூவ கவனிச்சீங்களா? கன்னுக்குட்டித் தோல், புது ஜோடி.
ஜெயில்லருந்து நேரா வர்றவனுக்கு ஏது அவ்ளோ காசு?
யாரோ வாங்கிக் குடுத்து அனுப்பிகீறான்.
அத ஒருத்தனும் கேக்கல."
அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வண்டியே இல்லாத ஒருவரும் வந்தார்,
லாட்ஜுக்கு வழி கேட்டு, கல்கத்தாப் பக்கத்து முகம்.
அப்பாவுக்குப் புதன்கிழமை ஆபரேஷன் என்று
வயிற்றில் கோடு போட்டுக் காட்டினார்.
படம் எப்படி என்றேன், கையால்.
விரல் பத்தையும் மேலிருந்து உதிர்த்தார்.
மழை.
நூற்றாறு டிகிரி மே மாதத்தில்
அவர் சொன்னதுதான் எனக்கு விளங்கிய விமர்சனம்.

புதன்கிழமை, நாளையோடு படத்தைத் தூக்குகிறார்கள் என்றார் மேனேஜர்.
டீக்கடைப் பையனை ஸ்டாண்டில் உட்காரவைத்துவிட்டு
கடைசிப் பத்து நிமிஷத்துக்கு உள்ளே போனேன்.
நின்றபடிதான் பார்த்தேன்.
இரண்டு கோப்பையும் நிரம்பி இருந்தன.
மேலே ஆடை படிந்து, அதில் ஜன்னல் வெளிச்சம்.
யாருமே வாய் வைக்கவில்லை.

வார்டர் மூன்றாம் முறை வந்திருந்தார். சொன்னேன்.
"குட்ச்சான்யா. தொண்ட அசைஞ்சுது,
மூணு வாட்டி பாத்துட்டேன்."
"அது எச்சி."
"நீ பத்து நிமிஷம் பாத்தவன்."
"கோப்பையப் பாத்தேன்."

ஆறு நாளாக யார் என்ன சொன்னாலும்
தலையாட்டிச் சில்லறை கொடுத்தவன் நான்.
பின்னால் நாற்பத்தேழாம் நம்பர் வண்டிக்காரன்
வழிவிடச் சொல்லி ஹாரன் அடிக்கிறான்,
அடித்துக்கொண்டே இருக்கிறான்.
நாங்கள் ரெண்டு பேரும் நகரவில்லை.