உப்பும் மிளகும்

முதலில் வந்தது ஒரு கேள்வி,
அறுவை மருத்துவரின் அவசரக் கையெழுத்தில்:
இங்கேயே பிறந்ததா,
வேறெங்கிருந்தாவது வந்ததா?
தார்த்து நகரத்தில் இந்தக் கேள்வியை
மனிதர்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டோம்.
நிறுத்திவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறோம்.

இடது மார்பு. இரண்டே கால் சென்டிமீட்டர்.
வயது அறுபத்தெட்டு.
மெழுகுக் கட்டிக்குள் வெளிறிக் கிடந்ததை
மூன்று மைக்ரான் கனத்தில் சீவினேன்.
வெந்நீரில் மிதந்த இழையைக்
கண்ணாடித் துண்டால் ஏந்தினேன்.
பத்தொன்பது வருடமாக இதே வேலை,
அந்த ஒரு நொடி மட்டும்
இன்னும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

இளஞ்சிவப்பும் ஊதாவும் ஏறிய பின்
டாக்டர் லீவி லென்ஸுக்குள் குனிந்தார்.
"உப்பும் மிளகும்" என்றார்.
உட்கருவுக்குள் தூவிக் கிடந்த குறுமணலுக்கு
எங்கள் துறையில் அதுதான் பெயர்.
எனக்கோ காலையில் ஒன்றும் சாப்பிடாதது
நினைவுக்கு வந்தது.

சாயம் போட்டேன், குரோமோகிரானினுக்கு ஒன்று,
சினாப்டோஃபைசினுக்கு ஒன்று.
இரண்டிலும் பழுப்பு படர்ந்தது,
தேநீர் கவிழ்ந்த மேசைத்துணி போல.
பால்குழாயின் வம்சத்தில் வந்த செல்களா இவை?
வயிற்றுக்குள் நுண்மணிகளை மூட்டைகட்டி
நரம்பைப் போல, சுரப்பியைப் போல,
அனுப்பாத சேதிகளோடு காத்திருந்தன.

"அப்படியானால் வெளியூர்க்காரன்" என்றது போனில் ஒரு குரல்.
நுரையீரலுக்கு ஒரு ஸ்கேன், குடலுக்கு ஒன்று,
தேதிகூடக் குறித்துவிட்டார்கள்.

லீவி மட்டும் கண்ணாடியை
விரல் நுனியால் நகர்த்திக்கொண்டே இருந்தார்.
மதியம் போயிற்று.
ஜனவரியில் மூன்றரைக்கே இருட்டிவிடும்,
எமாயோகி மேல் பனிக்கட்டி.
தாய் ஆறு என்று பொருள் அந்தப் பெயருக்கு;
குளிர்காலத்தில் அவள் பேசுவதில்லை.

ஓரத்தில், யாரும் பார்க்காத ஒரு மூலையில்
அகப்பட்டது:
சுவர் உடையாத ஒரு பால்குழாய்.
அதற்குள் அடைபட்டு அதே முகங்கள், அதே மிளகு.
வாசல் தாண்டாதவை.
பிறந்த வீடு இதுதான்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கும் உட்கரு பழுப்பானது.
அறிக்கையில் ஒரு வரி கூடிற்று.
"மருந்துச்சீட்டில் இதனால் ஓர் எழுத்தும் மாறாது"
என்றபடி லீவி கண்களைக் கசக்கிக்கொண்டார்.
பிறகு எதற்கு இவ்வளவு என்று
நான் கேட்கவில்லை.
அவரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ஜன்னலில் ஒரு பெண்மணி.
கம்பளித் தொப்பி, காதுவரை.
ஹெல்சின்கியில் இன்னொரு டாக்டர் பார்க்க வேண்டுமாம்,
தன் கண்ணாடிகளை வாங்கிப்போக வந்திருந்தார்.
மைரே. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர்.
"நான் பார்க்கலாமா?"
விதிகளில் அதற்கு இடமில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

வெகுநேரம் பார்த்தார்.
"ராத்திரி டிப்போ மாதிரி இருக்கிறது" என்றார்,
"எல்லாம் ஒட்டி ஒட்டி நிற்கின்றன.
எவனும் இன்ஜினை அணைக்கவில்லை."

தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:
"நரம்பின் குணம் இதற்கு உண்டு என்றார்கள்.
பிறகு ஏன்
வலிக்கக்கூட இல்லை?
சட்டை பொத்தான் போடும்போது
தற்செயலாகக் கைபட்டுத்தானே தெரிந்தது."

நுண்மணி, ஹார்மோன், ஏற்பி என்று
ஏதேதோ தொடங்கினேன்.
"மூட்டை கட்டத் தெரிந்திருக்கிறது,
முகவரி தெரியவில்லை" என்றார் அவரே,
ஏதோ டிக்கெட் வாங்காத பயணியைப் பற்றிப் பேசுவது போல.

பதிவேட்டில் கையெழுத்திட்டார்.
பெட்டியைப் பைக்குள் வைத்தார்,
புகையிட்ட மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில்.
"குளிரில் கெட்டுவிடாதே?"
"கெடாது. முப்பது வருடம் இருக்கும்."
"அதில் பாதியை என் பேரில் எழுது" என்று சொல்லிவிட்டு
நிறுத்தத்தை நோக்கி ஓடினார்,
ஏழாம் எண் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.
ஓட்டுநர் அவரைப் பார்த்துக் கதவைத் திறந்தான்.

மேசையில் அடுத்த தட்டு காத்திருந்தது.
கண்ணருகே லென்ஸில் ஒரு ஈர வளையம்,
அவர் மூச்சோ கண்ணோ.
துடைக்க வேண்டும்.