மணி கட்டாத கழுத்து

பனிக்குள் நின்று படம் காட்டுகிறாய், டிலக்சன்.
தாடியில் வெள்ளை ஒட்டியிருக்கிறது.
உனக்குப் பின்னால் பன்னிரண்டு நாய்கள்
ஒரே கயிற்றில், குரைத்துக்கொண்டு.
'அக்கா, முன்னுக்கு நிற்கிறதுதான் தலைவி.'
தேடிப் பார்த்தேன்.
எல்லாவற்றிலும் மெலிந்தது.
குரைக்காமல் நிற்பது அது மட்டும்.

'அதுக்கு ஆர் குடுத்த பதவி?'
கேட்டதும் சிக்னல் அறுந்தது.
திறந்த வாயோடு உறைந்து நின்றாய் திரையில்.
நீ சொல்ல வந்த மறுமொழி
நோர்வேக்கும் கிரானுக்கும் நடுவே
எந்தக் கடலில் விழுந்ததோ.

இங்கே ஐப்பசி.
விதைப்பு முடிந்து வட்டைக்கு வேலி அடைத்தாயிற்று.
நம்மிடம் அறுபத்திரண்டு வாய்.
வட்டை விதானையார் இரண்டு தரம் ஆளனுப்பினார்:
வெள்ளிக்குள் மாட்டை மேய்ச்சல்தரைக்கு ஏற்று,
இல்லையென்றால் தண்டம்.

ஒவ்வொரு வருசமும் கொம்பனுக்குத்தான் மணி.
நீயும் பார்த்திருக்கிறாய்.
சின்னக் கோயில் மாதிரித் திமில்.
அவன் நடந்தால் பட்டி விலகும்.
விலகுவதைத்தான்
பின்னால் வருவதென்று நினைத்திருந்தேன்
இத்தனை காலமும்.

நேற்றுத் துறையில் ஆறு
பிளேன்ரீ நிறத்தில், இடுப்பளவு, இழுவையோடு.
கொம்பன் கரையில் நின்று மூச்சுவிட்டான்.
மணி ஆடியது.
அறுபத்தொன்றும் மணியைக் கேட்டன,
கேட்டுவிட்டுப் புல்லைக் கடித்தன.
நானும் குலேந்திரனும் தொண்டை கிழியக் கத்தினோம்.
பொல்லால் தட்டினோம்.
மறுகா,
சொல்ல வெட்கமாயிருக்கிறது,
கெஞ்சினேன்.

கூழைவாலை உனக்குத் தெரியாது.
நீ போனபிறகு பிறந்தவள்.
கட்டுத்துவக்கின் சன்னம் ஒன்று
பின்னங்காலில் இன்னும் உள்ளே கிடக்கிறது.
ஒரு போத்தலுக்கு மேல் பால் தந்ததில்லை.
ஏறாவூர் மீராலெப்பைக் காக்காவுக்கு
விலைபேசி முற்பணமும் வாங்கியிருந்தேன்.

அவள் கொம்பனைத் தாண்டிப் போகவில்லை.
இரண்டு பாகம் கீழே,
ஒருவரும் நிற்காத இடத்தில்
முகத்தைத் தண்ணீருக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.
குடிக்கவில்லை.
ஒரு கால் இறக்கினாள். எடுத்தாள்.
இன்னும் கொஞ்சம் கீழே போய்
மறுபடி இறக்கினாள்.
நொண்டிக்கு நிலம் தெரியும் டிலக்சன்,
ஒவ்வொரு அடியையும் கேட்டுத்தானே வைக்கிறது.

நடு ஆற்றில் ஒருதரம் திரும்பினாள்.
எங்களை அல்ல, கன்றுகளைப் பார்த்தாள்.
கூப்பிடவில்லை.
பார்த்த அளவு போதுமென்பது மாதிரி
முகத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

முதலில் ஒரு நாகு இறங்கியது.
பிறகு அதன் தாய், கோபத்தோடு.
பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
அவள் போன கோட்டில்,
ஒரு முழம்கூட விலகாமல்
ஆற்றுக்குக் குறுக்கே முதுகுகளால் ஒரு வேலி.
கொம்பன் கடைசிக்கு முந்தினவன்,
மணியை நனைத்துக்கொண்டு.

அக்கரையில் எனக்கு நியாயம் பேச ஆசை வந்தது.
மணியைக் கழற்றிக் கூழைவாலுக்குக் கட்டினேன்.
நின்றுவிட்டாள்.
தலையை உதறினாள், காதை மடித்தாள்,
வேர்விட்ட மாதிரி நின்றாள்.
அவள் நிற்க அறுபத்தொன்றும் நின்றன.
மழை வந்தது.
குலேந்திரன் பாலைமரத்தடியில் குந்தி
பீடி நனைய நனையச் சிரித்தான்:
'பட்டம் குடுத்தா வேலை நிக்கும், அக்கா.
கச்சேரியில பாக்கல்லியா?'

கழற்றினேன்.
நடந்தாள்.

இப்போது மணி கொம்பனிடம்.
அவனுக்குச் சந்தோசம்.
நடுப்பட்டியில் ஆட்டிக்கொண்டு போகிறான்.
இருட்டில் மாடு எங்கே என்று
எனக்குச் சொல்ல அவன் வேண்டும்.
மாட்டுக்கு வழி எங்கே என்பது
வேறு கணக்கு, அதற்குச் சத்தமில்லை.

நீ சொல்ல வந்ததும் இதுதானா?
அந்த மெலிந்ததற்குக் கழுத்தில் ஏதும் கட்டுவீர்களா?
இல்லை, பனியில் எல்லாம் வேறு மாதிரியா?
சிக்னல் வரும்போது சொல்லு.

அதற்கு முன்னம் ஒன்று.
காக்காவின் முற்பணத்தில்
பன்னிரண்டாயிரம் செலவழிந்துபோயிற்று.
திருப்பிக் கொடுக்க வேண்டும்.
அனுப்பு.