மூன்றா, எட்டா

வாரத்தில் ஆறு நாள்
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று
மூச்சை இழுத்துப் பிடிங்க என்பேன்.
பிடிப்பார்கள்.
விடுங்க என்று சொல்ல மறந்துபோனால்
விடாமலே நிற்பவர்களும் உண்டு.

ஞாயிறு அதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்,
வாலிநோக்கத்துச் சேற்றில்
தார்ப்பாய் விரித்துக் குப்புறக் கிடந்து.
முன்னால் ஆறுநூறு லென்ஸ்.
பதினெட்டுத் தவணையில் ஏழு கட்டியாயிற்று.
சட்டைக்குள் ஏதோ குட்டி நண்டு.
இருக்கட்டும்.

உப்பள மதகைத் தாண்டி
கடல் வற்றி விட்டுக்கொடுத்த தரையில்
பட்டைவால் மூக்கன்கள், இருபது இருபத்தைந்து.
அலகு முழுசையும் சேற்றுக்குள் விட்டு
தைத்துக்கொண்டே போகின்றன.
அதில் ஒன்றின் காலில் மட்டும் சின்னக் கொடி,
யாரோ எங்கோ பிடித்து மாட்டி அனுப்பியது.
கொடியில் மூன்று எழுத்து.
இரண்டு கிடைத்துவிட்டது.
மூன்றாவதின் மேல் சேறு.
இன்னும் பத்தடி அது வரவேண்டும்,
இல்லை நான் போகவேண்டும்.
முழங்கையால் ஒரு சாண்,
நின்று, ஒரு சாண்.

லென்ஸுக்குள் தூரம்
பாய்போலச் சுருண்டுவிடுகிறது.
பறவைக்கும் பின்னால் நிற்கிற வத்தைக்கும்
வத்தைக்கும் தீவு விளிம்புக்கும் நடுவில் கிடக்கும்
அத்தனை கடலையும்
எங்கே கொண்டுபோய் வைக்கிறதோ.
எல்லாம் ஒரே சுவரில் ஆணியடித்த மாதிரி.

அந்தச் சுவருக்குள்
ஊதா நிறமாக ஒன்று நடந்துவந்தது.
மட்டி பொறுக்கும் பெண்.
நான் கத்தவில்லை, கத்தினாலும் பறந்திருக்கும்.
மொத்தமும் எழும்பி
ஒருமுறை வெள்ளையாகத் திரும்பி
ஒருமுறை பழுப்பாகத் திரும்பி
கீழமுந்தல் பக்கம் போய்விட்டது.
வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை.

நேராக என்னிடமே வந்தாள்.
பெயர் ஜெய்த்தூன் என்பது பிறகு தெரிந்தது.
வாளியை இறக்கிவைத்தாள்.
இதுல எம்புட்டுத் தூரம் தெரியும்?
தெரியும், ஒரு கிலோமீட்டர், ரெண்டு.
வள்ளத்து நம்பர்?

நேத்து அசருக்குப் போனவன்
விடியக் கரைசேரணும்.
கொண்டல் ஏறிருச்சு.
வந்த மூணு வள்ளத்துக்காரனும்
பின்னால வருதுங்கிறான்,
பார்த்தேன்னு ஒருத்தனும் சொல்லல.

அவள் கை நீட்டிய திசையில்
வெறுங்கண்ணுக்கு அரிசியளவு கறுப்பு.
லென்ஸைத் திருப்பினேன்.
மணி பத்தாகப்போகிறது.
பத்துக்குமேல் இந்தக் கரையில்
எந்த லென்ஸும் வெறும் பளுதான்.
கானல் எழும்பி, தூரத்தில் உள்ளதெல்லாம்
காய்ந்த எண்ணெய்க்கு அடியில் கிடப்பதுபோல் நெளியும்.

வள்ளமும் நெளிந்தது.
அணியத்தில் நீலம் தெரியுது, உங்களுது நீலமா?
இங்க எல்லாமே நீலந்தான் என்றாள்.
கடைசி நம்பர்?
எட்டு.
நான் பார்த்தது
மூன்றாகத் திறந்தது,
எட்டாக மூடிக்கொண்டது,
மறுபடி திறந்தது.

நீங்களே பாருங்க என்று ஒதுங்கினேன்.
தார்ப்பாயில் குப்புறப் படுக்க அவள் யோசிக்கவில்லை.
ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாமல்
முக்காட்டு முனையால் அதைப் பொத்திக்கொண்டாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மூச்சை அவளாகவே பிடித்துக்கொண்டாள்.

வாளிக்குள் ஒரு மட்டி
வாய் திறந்து தண்ணீர் பீச்சியது.

ஒருத்தன் நிக்கிறான், என்றாள்.
கொஞ்சங்கழித்து,
எம் மகன் நிக்கமாட்டான், உக்காந்துதான் வருவான்.
இன்னுங்கொஞ்சங்கழித்து,
கரை தெரிஞ்சா எந்திரிப்பான்ல.

வாளியை விட்டுவிட்டு
தண்ணீரை நோக்கி நடந்தாள்.
நான் பின்னாலிருந்து லென்ஸில் பார்த்தேன்.
முதலில் வெறும் ஊதாக் கலங்கல்.
கிட்டத்தில் இருப்பதை இதற்குப் பார்க்கத் தெரியாது.
ஐந்தாறு மீட்டர் போனபிறகுதான்
முக்காடு வந்தது, தோள் வந்தது.
தோள் ஏறியது ஏறியபடியே இருந்தது.
விடுங்க என்று
யாரும் இன்னும் சொல்லவில்லை.