கீழ்க்குரல்

திபிலிசியில் மின்சாரம் நாளுக்கு மூன்று மணி நேரம் வந்த
அந்தக் குளிர்காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.
முதல் ஆறு மாதம் கேபிள் சுற்றினேன்,
வலம் ஒரு சுற்று, இடம் ஒரு சுற்று,
முறுக்கேறாமல்.
டேப் மெஷின் லாரி பேட்டரியில் ஓடியது.
பேட்டரி இறங்க இறங்க டேப்பும் தளரும்.
அந்தப் பாட்டுகளை இன்று போட்டால்
கடைசி அடியில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்,
வெளியே யாரோ ஹாரன் அடிப்பதுபோல.
பழி பாடகர்களுக்கு.

பிறகு முப்பது வருடம்.
கல்யாணக் கோஷ்டிகள், சோடா விளம்பரம்,
தேர்தலுக்குத் தேர்தல்
எதிரெதிர்க் கட்சிகளின் பாட்டு
(இரண்டுக்கும் ஒரே டிரம்ஸைப் போட்டேன்,
யாரும் கண்டுபிடிக்கவில்லை).
மூச்சை வெட்டுவது என் பிழைப்பு.
இருமல், நாற்காலி முனகல்,
உதடு பிரியும்போது வரும் ஈரச் சத்தம்
எல்லாம் என் கையால் போனவை.
ஒழுங்காகச் செய்தால்
நான் இருந்ததே தெரியக்கூடாது.
ஒழுங்காகத்தான் செய்தேன்.

மாக்வாலா வந்தது மார்ச்சில்.
கறுப்புக் கோட்டு. கையில் ஒரு பை அக்ரூட்.
அன்ஸோர் போய் நாற்பது நாள் முடிந்திருந்தது.
"மூணு பேர் பாடினாங்க இல்ல,
அதுல அவர் குரலை மட்டும் பிரிச்சுக் குடு."

பிசைந்த மாவிலிருந்து உப்பைக் கேட்கிறாள்.

குரியாப் பக்கத்துப் பாட்டு அது.
ஒருவர் வாயை ஒருவர் பார்த்து நின்றால்தான் வரும்.
கண்ணாடிக் கூண்டில் தனித்தனியே நிறுத்தினால்
மூன்று பேரும் சரியாகப் பாடுவார்கள்,
பாட்டு மட்டும் இருக்காது.
அதனால் நடுவில் ஒரு ஜோடி மைக், சுற்றி அவர்கள்.
அது என் முடிவு. இன்றும் அதையே எடுப்பேன்.

சொன்னேன். அவளுக்கு அது ஏறவில்லை.
"வீட்ல சவரம் பண்றப்போ கீழ்க்குரலை மட்டும்தான் பாடுவார்.
முப்பத்தெட்டு வருஷம்.
உன் சிடியைப் போட்டுக் கேட்டா
அடேயப்பா, என்ன கூட்டம்.
அவரை அதுல எங்கேன்னு தேடறது?"

பிரிக்கும் மென்பொருள் வந்துவிட்டதே என்று
இரவெல்லாம் போட்டுப் பார்த்தேன்.
அன்ஸோரின் தொண்டையில் ஒதாரின் பல் முளைத்தது.
மேல் அலைகளை அரிந்து தள்ளினேன்.
கம்பளிக்கு அடியில் ஒரு கரடி.
என் காதும் இப்போது ஆறாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல்
வாடகைக்கு விட்ட மாடி மாதிரி,
அங்கே என்ன நடக்கிறதென்று எனக்குச் சரியாகத் தெரியாது.

வெட்டியதை வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை எனக்கு.
அன்று ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருந்தது, அவ்வளவுதான்.
ஆறாவது டேக்குக்கு முன்னால்
பதினோரு நொடி:
அன்ஸோர் செருமுகிறார்.
அடியில் ஒரே ஒரு ஸ்வரத்தைத் தேடி முனகுகிறார்,
மற்ற இருவரும் இன்னும் வாய் திறக்கவில்லை.
நிறுத்துகிறார். "ஓடுதா?"
"ஓடுது" என்று ஒரு பெண், ஸ்பீக்கர் வழியாக.
மறுபடி அந்த ஸ்வரம்,
இந்தத் தடவை பிடித்துவிட்டார்.

அனுப்பினேன்.
இரண்டு நாள் கழித்து ஃபோன்.
"அவர்தான்."
பிறகு அவள் சமையலறை ஃபிரிட்ஜ் மட்டும் கேட்டது,
ஐம்பது ஹெர்ட்ஸ், சற்று மேலே.
"நடுவில ஒருத்தி பேசறாளே, யாரது?"
"ஸ்டுடியோல இருந்தவ."
"அவளை எடுத்துட முடியுமா?"

அது முடியும்.
அவளுக்கு இரு பக்கமும் இடம் இருந்தது.
அதே அறையின் வெறுமையில் ஒரு துண்டை எடுத்து
அங்கே ஒட்டினேன்.

இப்போது அன்ஸோர்
"ஓடுதா?" என்கிறார்.
யாரும் எதுவும் சொல்வதில்லை.
கொஞ்சம் பொறுத்து, பாடுகிறார்.